கத்திரி வெயிலும் கீற்றுக் கூரையும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பாடம் சொல்லும்போது ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு வினா எழுகின்றது. சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்று நூலோர் வகுத்துவைத்திருக்க, சென்னையில் உடல் வெந்துபோவது சித்திரை வைகாசியில் அன்றோ, இதனை எவ்வாறு இளமை என்பது என மாணவர் கேட்பர். நிலத்துக்கு நிலம் பொழுது வேறுபடும் என்று நாம் விடை சொல்லிவிடுவோம். விடை தவறன்று; எனினும் அது போதிய விடையும் அன்று. இந்நகரில் நெடுங்காலம் வாழ்ந்தவர்க்கு, நூல்களில் சொல்லப்படாத ஒரு பருவம் உண்டென்பது தெரியும். அதனைத் தீப்பருவம் எனலாம். மார்கழி போனால் பனி போயிற்று என்பதுபோல, கத்திரி கழிந்தால் தீ கழிந்தது என்று பெருமூச்சு விட்ட குடும்பங்கள் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றங்கரையிலும் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவர்தம் வாழ்க்கை முறையைச் சிறிது விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீப்பருவம் என்றவுடன் காடே நினைவுக்கு வருவது இயல்பு. மூங்கிலோடு மூங்கில் உரசித் தோன்றும் தீயைச் சங்கப் புலவர் பலரும் கண்டு பாடியுள்ளனர். இக்காலக் காட்டியல் அறிஞரோ, இந்தியக் காடுகளில் எழும் தீயில் மிகப் பெரும்பாலானவை மனிதர் கையால் விளைபவை என்பர். மேய்ச்சலுக்குப் புது இளம்புல் வேண்டி இடுகின்ற தீ, அணைக்காது எறிந்த பீடித் துண்டு, தேன் எடுக்கக் கொளுத்திய பந்தம் ஆகியன காரணமாகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மாசி தொடங்கிச் சித்திரை முடியவுள்ள காலம் இதற்குரியது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் புல்வெளிச் சரிவில் மலையேற்றக் குழுவினர் தீயிடைச் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாடறியும். அவருள் பலர் சென்னையிலிருந்து சென்ற இளையோர். அன்றுதான் காட்டுத்தீ என்ற சொல் நம் நகரத்து வீடுகளுக்குள் வந்தது. ஆனால் அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே நகரத்துக்குள்ளேயே ஒரு காடு காய்ந்து கிடந்தது. கீற்றாலும் பனையோலையாலும் ஆன கூரைக்காடு அது.

சென்னையில் குடிசைப் பகுதிகளின் பெயர்கள் பல ‘தோட்டம்’ என்று முடிவதை மாணவர் கவனித்திருப்பர். விசாலாட்சித் தோட்டம், பீமண்ணா தோட்டம் என்பன போன்ற பெயர்களைக் கேட்கும் வெளியூரார் அங்கே மாவும் பலாவும் இருக்கும் என எண்ணக்கூடும். தென்னந்தோப்பாகவும் செல்வர் தோட்டமாகவும் கிடந்த நிலத்தில் உழைப்பாளர் குடியேறினர். மரம் போயிற்று, பெயர் நின்றது. இவையன்றிக் கடலோரத்தில் நொச்சிக்குப்பம், ஊரூர்க் குப்பம் போன்ற மீனவர் குப்பங்கள். மாம்பலம் கால்வாய்க் கரையிலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் வரிசை வரிசையாய்க் குடிசைகள். மாடவீதி மாளிகையில் சமைத்தவரும், பாண்டி பசாரில் மூட்டை சுமந்தவரும், அடையாற்றுப் பங்களாக்களில் தோட்டம் காத்தவரும் இங்கேதான் உறங்கினர்.

இக்கூரை ஏன் இவ்வளவு எளிதில் தீப்பற்றுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தென்னங்கீற்றை முடைந்து, மூங்கில் வரிச்சின்மேல் அடுக்கடுக்காக வேய்வது வழக்கம். ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு அது தாங்கும். பழைய கீற்றை முற்றும் பிரித்துப் புதிது வேயக் காசு இல்லாதவர் பழையதன் மேலேயே புதியதை வேய்வர். இவ்வாறு நான்கைந்து அடுக்குச் சேர்ந்தால், அடியிலுள்ளது மட்கிப் பஞ்சுபோலாகிவிடும். மழைக்காக அதன்மேல் தார்த்தாளையோ பாலிதீன் விரிப்பையோ போர்த்துவர். பிற்காலத்தில் அரசியல் கூட்டம் முடிந்ததும் கழற்றிய விளம்பரப் பதாகைகள் இதற்குப் பயன்பட்டன. தீப்பற்றினால் இவை உருகிச் சொட்டுச் சொட்டாய் எரிந்துகொண்டே விழும். மேலும், கூரைச் சரிவும் மலைச்சரிவும் தீக்கு ஒன்றே. தீ கீழிருந்து மேலேறும்போது தன் முன்னுள்ளதைச் சூடாக்கி உலர்த்திக்கொண்டே ஏறுவதால் அதன் விரைவு பன்மடங்காகும். குரங்கணிச் சரிவில் நிகழ்ந்ததும் இறவாணத்தில் பிடித்த பொறி முகட்டை எட்டுவதும் ஒரே இயல்பின் விளைவுகள்.

அப்படியானால் கீற்றை விட்டுச் சிமெண்டுத் தகட்டைப் போட்டிருக்கலாமே என்று கேட்போர் சித்திரைப் பிற்பகலில் அத்தகட்டின்கீழ் ஒரு நாழிகை அமர்ந்து பார்க்கவேண்டும். கீற்றுக் கூரை குளிர்ச்சி தருவது. கல்நார்த் தகடோ தாளைப்போல் கொதிக்கும். பெருந்தீயில் அது படீரென வெடித்துச் சிதறவும் செய்யும். ஏழைமக்கள் அறியாமையால் கீற்றைத் தேர்ந்தனர் என்பது உண்மையன்று. ஆண்டுக்கு நூறு நாள் வெயிலைத் தாங்குவதா, என்றோ ஒரு நாள் வரக்கூடிய தீயை அஞ்சுவதா என்று கணக்கிட்டே தேர்ந்தனர்.

இனிக் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். தமிழில் நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் உண்டு: கிழக்கினின்று வருவது கொண்டல், தெற்கினின்று வருவது தென்றல், மேற்கினின்று வருவது கோடை, வடக்கினின்று வருவது வாடை. மேல்காற்றுக்கும் வெயிற்காலத்துக்கும் கோடை என்ற ஒரே பெயர் அமைந்தது தற்செயல் அன்று. சென்னையில் மே மாதக் காலைப் பொழுதுகளில் வீசுவது இந்தக் கோடையே. நிலத்தின் மீது நெடுந்தொலைவு உலர்ந்து வருவது அது. நண்பகலையொட்டிக் கடலிலிருந்து கொண்டல் புகுந்தால் நகரம் மூச்சுவிடும். கொண்டல் புகாமல் தாமதிக்கும் நாளில் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். 2003 மே 31 அன்று பதிவான 45 பாகை செல்சியசே இந்நகரம் கண்ட உச்சமாகும். அக்கினி நட்சத்திரம் எனப் பஞ்சாங்கம் குறிப்பது ஏறத்தாழச் சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை. கதிரவன் கார்த்திகை மீனைச் சார்ந்து நிற்கும் காலம். அம்மீனுக்கு அதிதேவதை அக்கினி என்பது சோதிட நூல் மரபு. மக்கள் இதனைக் கத்திரி என்பர். கத்திரி கழிந்த பின்னும் சில நாள் ஆபத்து நீங்குவதில்லை. பழைய நூல்களைத் தேடித் தமிழறிஞர் பலரும் நடையாய் நடந்த மூர் மார்க்கெட் எரிந்தது 1985 மே மாதத்தின் இறுதியில். தியாகராய நகர் உஸ்மான் சாலையில் அடுக்குமாடி ஜவுளிக்கடை ஒன்று பற்றி, ஒரு பகலும் இரவும் எரிந்து, பகுதி சரிந்து, பின் முற்றிலும் இடிக்கப்பட்டது 2017 மே 31 அன்று தொடங்கிய தீயால்.

கூரைத்தீயில் காற்றின் பங்கு என்ன என்பதை நாம் நூலில் கற்கவில்லை. பத்து வயதில் மாடியில் நின்று கண்டோம். 1980களின் பிற்பகுதி. மயிலாப்பூரை ஒட்டிய எம் தெருவின் பின்புறம் ஒரு குடிசைப் பகுதி இருந்தது. எம் வீட்டில் பாத்திரம் துலக்கிக் கொடுத்த மூதாட்டி ஒருவரை நாங்கள் ஆயா என்றே அழைப்போம். அவர் குடிசை அப்பகுதியின் மேற்கு ஓரத்தில். ஒரு நாள் முற்பகலில் நடுவே எங்கோ மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்துத் தீ எழுந்தது. மேல்காற்று வீசியதால் தீ கிழக்கு நோக்கி ஓடிற்று. தம் குடிசைக்கு ஆபத்தில்லை என்று கண்ட ஆயா, கிழக்கே இருந்த தம் தங்கையின் சாமான்களை இழுத்து வெளியே போட ஓடினார். அரைமணி நேரம் ஆகியிருக்கும். மாடியில் எம் முகத்தில் பட்டுக்கொண்டிருந்த அனல் குறைந்து குளிர்ந்த காற்றுப் பட்டது. சிறுபிள்ளையாகிய நாம் மகிழ்ந்தோம். அதுவே கொண்டல். அதுவரை கிழக்கு நோக்கி ஒல்லியாக ஓடிய தீ, அப்படியே அகலமாகத் திரும்பி மேற்கு நோக்கி வந்தது. ஆயாவின் குடிசை எரிந்து முடியப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாலையில் எம் வாசற்படியில் அமர்ந்து அத்தாவிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “காத்து திரும்பிடுச்சு பாய்.” அவர் அழவில்லை. உள்ளே இருந்த தகரப்பெட்டியைப் பற்றி இரவில்தான் பேசத் தொடங்கினார். குடும்ப அட்டையும், மகளுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழும் அதில் இருந்தன.

பல்லாண்டு கழித்து ஆஸ்திரேலியக் காட்டுத்தீயைப் பற்றிப் படித்தபோது இந்நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. 2009 பிப்ரவரி 7 அன்று அந்நாட்டு விக்டோரியா மாநிலத்தில் 173 பேரைக் கொன்ற பெருந்தீயில், மாலையில் காற்று திசை மாறியபோது, தீயின் நீண்ட பக்கவாட்டுப் பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் முகப்பாக மாறிற்று என்று விளக்குகின்றனர். பல கல் நீளமுள்ள காட்டில் நிகழ்ந்த அதுவே எம் தெருவின் பின்புறம் சில நூறு அடி இடத்தில் நிகழ்ந்தது. அந்நாட்டில் அதன்பின் தீ அபாயத்தை அளந்து அறிவிக்கும் முறை திருத்தப்பட்டது. ‘இன்று வீட்டை விட்டு வெளியேறுவதே நன்று’ என்னும் உச்ச எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. கலிபோர்னியாவில் தீப்பருவம் வருமுன்பே, எடுத்துச் செல்லவேண்டிய பையில் என்னென்ன இருத்தல் வேண்டும் என்று அரசே பட்டியல் தருகின்றது. நம் தோட்டங்களிலும் குப்பங்களிலும் அப்பட்டியலை எவரும் அச்சிட்டுத் தரவில்லை. ஆனால் பட்டியல் இருந்தது. அது பெண்களின் நினைவில் இருந்தது.

அதனை நாம் பலரிடமும் கேட்டுத் தொகுத்துள்ளோம். பங்குனி முடிந்ததும் தகரப்பெட்டி கட்டிலடியிலிருந்து வாசற்பக்கம் வந்துவிடும். குடும்ப அட்டை, பள்ளிச் சான்றுகள், அடகுச் சீட்டு, மூக்குத்தி, குழந்தைக்கு ஒரு மாற்றுத் துணி ஆகியன அதில் இருக்கும். உலை வைப்பது விடியுமுன். வெயிலேறியபின் அடுப்பு மூட்டினால் அண்டைவீட்டார் வந்து கேட்பர். வாசலில் நீர்க்குடம் நிரம்பி இருக்கவேண்டும். ஆனால் கோடையிலன்றோ குழாயில் நீர் வருவதில்லை, ஆகவே குடிக்க வைத்த நீரே தீக்கும் காவல். வேலைக்குப் போகும்போது குடிசையைப் பூட்டினாலும் சாவியை எதிர்க்குடிசையில் கொடுத்துச் செல்லவேண்டும். பூட்டிய குடிசைக்குள் எரிவாயு உருளை இருக்கிறதா என்பதே தீயணைக்க வருவோரின் முதல் கேள்வியாக இருக்கும். சாவி உள்ளவர் விடை சொல்வார். பள்ளி விடுமுறைக் காலமாதலால் பிள்ளைகள் எல்லாம் தெருவில். தீ எழுந்தால் எந்தப் பிள்ளை எந்தப் பெரியவரின் கையைப் பற்றுவது என்பதும் முன்கூட்டியே முடிவானது. கோடை விடுமுறையால் ஒரு நன்மையும் விளைந்தது. மாநகராட்சிப் பள்ளிகள் காலியாக இருந்தமையால் வீடிழந்தோர் அங்கே தங்கமுடிந்தது. ஜூனில் பள்ளி திறக்கும் நாளே அவர்கள் மீண்டும் தெருவுக்கு வரும் நாள்.

ஆண்களின் கடமை கூரையைப் பிரிப்பது. காட்டில் வனத்துறையினர் தீப்பருவத்துக்கு முன் புல்லையும் சருகையும் அகற்றித் தடுப்புக்கோடு வகுப்பர். எரிவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் தீ நின்றுவிடும். குடிசைப் பகுதியில் அத்தகைய வெற்றிடம் முன்பே வைக்க இடமேது? தீ வந்தபின், அது வரும் வழியிலுள்ள நல்ல குடிசைகளைக் கொக்கிக் கழியால் இழுத்துச் சாய்த்தே கோடு வகுக்கவேண்டும். இங்குதான் பெருஞ்சிக்கல். எவர் வீட்டை இழுப்பது? இன்னும் பற்றாத தம் கூரையைப் பிறர் பிடுங்கக் கண்டு பொறுத்துக்கொள்பவர் அரியர். ஒரு வரிசை முன்பே பிரித்திருந்தால் ஐம்பது குடிசை தப்பியிருக்கும் என்று தீ அணைந்தபின் எல்லாரும் ஒப்புவர். அந்த ஒரு வரிசையில் இருந்தவர் மட்டும் வாய் திறவார். தீயணைப்பு வண்டியோ சந்துமுனையில் நிற்கும். அகலம் ஆறடிகூட இல்லாத வழியில் குழாயை நீட்டிக்கொண்டு ஓடிய வீரரை நாம் கண்டிருக்கிறோம். அவர்மீது குறைகூற நாவெழாது. பம்பாய்த் துறைமுகத்தில் 1944 ஏப்ரல் 14 அன்று கப்பல் வெடித்து மாண்ட தீயணைப்பு வீரரின் நினைவாக ஏப்ரல் 14 தீத்தொண்டு நாளாக நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகின்றது. அது பெரும்பாலும் சித்திரை முதல்நாளாகவும் அமைவது வியப்பே.

கத்திரிக்கு அடுத்த சிறுபருவம் தீபாவளி. வாணவெடி கூரையில் விழுவதால் விளையும் தீ அது. ஆயினும் ஐப்பசி மழை முன்பே பெய்து கூரை நனைந்திருந்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். மழை தாமதித்த ஆண்டுகளில் குப்பத்துப் பெண்கள் நனைந்த சாக்கைக் கூரைமேல் விரித்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்தனர்.

கீற்றுக் கூரையின் கொடுமையை நாடு முழுதும் உணர்ந்தது சென்னையால் அன்று. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியோரைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கொட்டகை எரிந்து 28 பேர் மாண்டனர். நேர்ச்சைக்கும் நலத்துக்குமாக எம் உறவினரும் சென்றுவந்த ஊர் அது. அந்தச் செய்தி வந்த நாளில் எம் வீட்டில் எவரும் உண்ணவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றின் சமையற் கொட்டகையில் பிடித்த தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அதன்பின்பே பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்ற அரசு ஆணையிட்டது.

குடிசையில் வாழ்வோருக்கு மாற்று வீடு என்ற எண்ணம் இவற்றுக்கு முன்பே தோன்றியது. 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971இல் அதற்கான சட்டம் வந்தது. 2021இல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. மெரினாவை ஒட்டியும் பட்டினப்பாக்கத்திலும் கோட்டூர்புரத்திலும் எழுந்த அடுக்ககங்கள் பல, குடிசை இருந்த இடத்திலோ அதன் அருகிலோ எழுந்தவை. மீனவர் கடலருகே இருந்தார். வேலைக்காரப் பெண் வீடுகளருகே இருந்தார். கூரை மட்டும் மாறிற்று. தீயை வென்ற முறை இதுவே என நாம் கருதுகிறோம். அதன்பின் நகரத்து நிலத்தின் விலை ஏற ஏற, கூரையை மாற்றுவதற்குப் பதிலாக ஆளை மாற்றும் முறை வந்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய துரைப்பாக்கம் கண்ணகி நகரும், பின்னர் எழுந்த பெரும்பாக்கம் குடியிருப்பும் மயிலாப்பூரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவை.

இதனால்தான் குடிசைத்தீ ஒவ்வொன்றின் பின்பும் ஓர் ஐயம் எழுந்தது. தீ தானே பற்றியதா, இடத்தை விரும்பியோர் பற்றவைத்தனரா என்ற பேச்சு சாம்பல் ஆறுமுன் தொடங்கிவிடும். இதற்குச் சான்று காட்டுதல் அரிது. சான்றில்லாமல் எவரையும் பழிப்பதும் முறையன்று. ஆனால் அந்த ஐயம் மூடநம்பிக்கை அன்று. தீயில் முதலில் எரிவது தாள். தாள் எரிந்தவர் தாம் அங்கே வாழ்ந்தவர் என்பதை மெய்ப்பிக்க இயலாது. மெய்ப்பிக்க இயலாதவருக்கு மாற்று வீட்டுப் பட்டியலில் இடமில்லை. தீயால் எவருக்கு நன்மை என்று மக்கள் கேட்பது இக்கணக்கை அறிந்தே.

நம் துறையில் சில ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த மாணவர் ஒருவர் இதனை நமக்குப் புரியவைத்தார். சேர்க்கை நாளில் அவர் கொணர்ந்த மேனிலைத் தேர்வு மதிப்பெண் பட்டியலின் வலப்பாதி கருகியிருந்தது. பாடங்களின் பெயர் இருந்தன, எண்கள் இல்லை. இரண்டாம்படி பெறப் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கவேண்டும். அசல் தாள் அழிந்ததற்கு வட்டாட்சியர் சான்று இணைக்கவேண்டும். ஓர் அலுவலகத்தில் அவரிடம் குடியிருப்புச் சான்று கேட்டனர். குடியிருப்பே எரிந்துவிட்டது என்றார். எரிந்ததற்குச் சான்று கேட்டனர். எரிந்ததற்கான கணக்கெடுப்பில் அவர் தாயின் பெயர் வேறு எழுத்தில் பதிவாகியிருந்தது. எட்டு மாதம் அலைந்தார். கருகிய தாளையே ஏற்று அவரைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ள நம் கல்லூரி இசைந்தமையால் ஓராண்டு வீணாகாமற் போயிற்று. இன்று சான்றுகளைக் கணினி வழியாகச் சேமிக்கவும் பெறவும் முடிகின்றது. இது சிறிய நன்மையன்று.

சிலப்பதிகாரம் நடத்தும்போது வஞ்சின மாலையில் நாம் வழக்கமாகச் சற்று நிற்போம். மதுரையை எரிக்க வந்த தீக்கடவுளிடம் கண்ணகி, முதியோரையும் குழந்தைகளையும் அறவோரையும் விலக்கித் தீயோரை மட்டும் சேருமாறு பணிக்கிறாள். காப்பியத்துத் தீக்கு ஆள் அறியும் அறிவு உண்டு. ஒருமுறை அம்மாணவர் எழுந்து, “ஐயா, எங்கள் தீ நேர்மாறாக அல்லவா பிரிக்கிறது?” என்றார். வகுப்பு சிரித்தது, நாம் விடை சொல்லவில்லை.

கண்ணகி நகரின் பெயரிலும் இருப்பிடத்திலும் உள்ள முரணை ஈண்டுச் சொல்லாமல் இருக்க இயலாது. தீயிலிருந்து தப்பிக் கற்கட்டடத்துக்கு வந்தோர் என்று நாம் எண்ணும் அக்குடும்பங்களுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில்தான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. பள்ளிக்கரணைச் சதுப்பின் ஒரு பகுதியைத் தூர்த்து, பல பத்தாண்டுகளாக நகரின் குப்பையைக் கொட்டிய மலை அது. அதனைக் கொளுத்த எவரும் வேண்டியதில்லை. அழுகும் பொருளிலிருந்து மீத்தேன் என்னும் எரிவளி தோன்றும். உள்ளே வெப்பம் தங்கும். வெளியே வெயில் உலர்த்தும். பற்றியபின் மேலே நீர் ஊற்றினால் மேற்பரப்பு மட்டுமே அணையும்; அடியில் உமிக்காந்தல்போல் கனன்றுகொண்டே இருந்து வேறொரு வாயில் புகையும். கிளறி மண் மூடி, மீண்டும் கிளறி அணைக்கவேண்டும். 2022 ஏப்ரல் 27 அன்று, சித்திரைத் திங்களில், அங்கே எழுந்த தீ நாட்கணக்கில் அணையவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அவ்வாண்டே பள்ளிக்கரணைச் சதுப்பு பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் நிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

அதே சித்திரையில், இராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய இளங்கோ தெருவில் வீடுகள் நீதிமன்ற ஆணையின்படி இடிக்கப்பட்டன. கீற்றுக் குடிசைகள் அல்ல அவை. பெரும்பாலும் கற்சுவர் வீடுகள். மே 8 அன்று அத்தெருவாசி ஒருவர் இடிப்பைத் தடுக்க முயன்று தம் உடலையே தீக்குக் கொடுத்தார், மறுநாள் மாண்டார். அங்கிருந்தோருக்கு ஒதுக்கப்பட்ட இடம் பெரும்பாக்கம். இளங்கோவின் பெயர் தாங்கிய தெருவில் இது நிகழ்ந்ததை நாளிதழில் படித்தபின் நாம் ஒரு வாரம் சிலம்பு நடத்தவில்லை, இலக்கணம் நடத்தினோம்.

தென்சென்னையில் இன்று கீற்றுக் கூரை அருகிவிட்டது. 2007 முதல் வழங்கப்பட்ட விலையில்லா எரிவாயு அடுப்பால் மண்ணெண்ணெய் அடுப்பும் குறைந்தது. கூரைத்தீச் செய்திகள் முன்போல் வருவதில்லை என்பது மெய். மேலே குறிப்பிட்ட மாணவர் படிப்பை முடித்துவிட்டார். அவர் குடும்பம் பெரும்பாக்கத்தில் ஐந்தாம் மாடியில் வாழ்கின்றது. விடியுமுன் பேருந்து ஏறி அவர் தாய் இன்னும் மந்தைவெளியில் மூன்று வீடுகளில் வேலைசெய்கிறார். சென்ற சித்திரையில் அவ்வீட்டுக்கு நாம் சென்றிருந்தோம். மின்தூக்கி ஓடவில்லை, படியேறினோம். கற்கூரை, கற்சுவர், கற்றளம், தீப்பற்ற ஏதுமில்லை. உள்ளே நுழையும்போது காலில் ஏதோ இடறியது. வாசற்கதவின் பின்னால் தகரப்பெட்டி இருந்தது. “பங்குனி முடிஞ்சா அது அங்கதான் இருக்கும் சார், எடுத்து உள்ள வைக்கக் கை வரல” என்று சொல்லி அந்தத் தாய் அதனைச் சற்று ஓரமாகத் தள்ளி, நாம் அமரப் பாய் விரித்தார்.